காற்பங்குக் கல்வி

சில திங்களுக்கு முன்னர், நூல் வெளியிடும் நிறுவனமொன்று தமிழ்ப் பிழைதிருத்துநர் ஒருவரைத் தெரிவுசெய்தற்பொருட்டு நேர்முகப் பரீட்சை நடத்திற்று. தெரிவுக் குழுவினர் மூவருள் யானும் ஒருவனாக அழைக்கப்பட்டிருந்தேன். வந்தவர் பதினொருவர். நண்பகலளவில் ஒன்பதின்மர் நீங்க இருவர் எஞ்சினர். அவ்விருவருள் ஒருவரைத் தெரிந்துகொள்ளுதற்கு எமக்குக் கால் மணித்தியாலமும் வேண்டியிருக்கவில்லை. அச்சிறு பொழுதில் யான் செய்ததும், செய்யத்தக்கதாயிருந்தும் செய்யாது விட்டதும் அன்றுதொட்டு என் மனத்தை அரித்துவருகின்றன. மாணவர் மன்றங்களில் ஆண்டுதோறும் ஆரவாரத்தோடு பேசப்பட்டு மறுநாளே மறக்கப்படுகின்ற ‘படிப்போ, பழக்கமோ?’ என்னும் வினா, அன்று எம் மேசைமீது இரண்டு மாந்தரின் பிழைப்பாகக் கிடந்தது.

ஒருவர் இளம்பெண். பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவிற் சித்தியெய்தியவர். பட்டம் பெற்று ஈராண்டு கழிந்தும் தொழில் கிடைத்திலது. “அனுபவம் உண்டா, பிள்ளை?” என்று குழுத் தலைவர் வினவியபோது, “முதலில் யாராவது ஒரு வேலை தந்தாற்றானே ஐயா அனுபவம் வரும்? எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் ஈராண்டு அனுபவம் வேண்டும் என்றுதான் இருக்கிறது” என்றார். அவர் குரலிற் சினமில்லை. நெடுநாட் சலிப்பு இருந்தது.

மற்றவர் நாற்பதைக் கடந்த ஆடவர். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது, அவர் அவ்வாண்டிறுதியில் எழுதவிருந்த சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த மாணவர். தென்மராட்சியில் ஒரு கொட்டிலில் மாரிகாலத்தைக் கழித்த குடும்பம் அடுத்த ஆண்டு திரும்பியபோது தந்தையார் உடன் வரவில்லை. மூத்த மகனாகிய இவர் அச்சகமொன்றிற் காகிதம் அடுக்கும் வேலைக்குப் புகுந்தார். பின்னர் ஈய எழுத்துக் கோத்தார். கணினி வந்தபின் தட்டச்சுச் செய்தார். அதன்பின் சரவை பார்க்குந் தொழிலில் அமர்ந்தார். காற்சட்டைப் பையினின்றும் மடித்தெடுத்துக் கொடுத்த அச்சக முதலாளியின் கடிதத்தைத் தவிர அவரிடம் வேறு பத்திரம் இருக்கவில்லை.

புள்ளித் திட்டம் எம் கையிற் கொடுக்கப்பட்டிருந்தது. கல்வித் தகைமைக்கு ஐம்பது, மேலதிகத் தகைமைக்கு இருபது, அனுபவத்துக்குப் பதினைந்து, நேர்முகத்திற் காட்டும் ஆற்றலுக்குப் பதினைந்து என வகுத்திருந்தனர். கூட்டிப் பார்க்க வேண்டிய தேவையும் எழவில்லை. யான் ஒன்று மாத்திரஞ் சொன்னேன்: “ஒரு பக்கத்தைப் பிழைகளோடு அச்சிட்டு இருவர் கையிலுங் கொடுத்துப் பார்த்தால் என்ன?” தலைவர் சிரித்தார். “திட்டத்தில் அதற்குப் புள்ளி இல்லை, பண்டிதர் ஐயா” என்றார். யான் வாளாவிருந்து ஒப்பமிட்டேன். அம்மனிதரை யான் முன்னரே அறிவேன். எங்கள் கல்லூரி மலருக்குச் சரவை பார்த்தவர் அவரே. அறிமுகத்தை முதலிலேயே சொல்லியிருத்தல் வேண்டும், சொன்னேனல்லேன். சொல்லாதுவிட்டமையால், பின்னர் வற்புறுத்தவும் நா எழவில்லை. நடுவுநிலை தவறினான் என்பரோ என்னும் அச்சம் என்னை நடுவுநிலையிலிருந்தே விலக்கிற்று.

அப்பெண் இப்பொழுது அவ்விடத்திற் பணியாற்றுகின்றார். நன்றாகவே செய்கின்றார் என்றுங் கேள்வியுற்றேன். அதனால் என் மனம் ஆறிற்றில்லை. நல்லவர் ஒருவர் தெரிவாகியமை வேறு. தெரிந்த முறை நன்றாயிருந்ததா என்பது வேறு.

பிழை திருத்துதல் என்பது யாதெனச் சிறிது சொல்லுதல் வேண்டும். புறத்தே நின்று நோக்குவோர்க்கு அஃது இலக்கணம் அறிந்தோர் எவரும் செய்யக்கூடிய எளிய பணியாகத் தோன்றும். அவ்வாறன்று. இலக்கணம் அறிந்தவன் ஒரு பக்கத்தை வாசிக்கும்போது பொருளை நோக்கி விரைகின்றான். அவன் கண், இருக்க வேண்டிய எழுத்தை இருப்பதாகவே கண்டுவிடுகின்றது. யான் எழுதியதில் யானே பிழை காணமாட்டாமைக்கு இதுவே ஏது. சரவை பார்ப்பவனோ பொருளைத் தள்ளி வைத்துவிட்டு எழுத்தெழுத்தாக நடத்தல் வேண்டும். அதே வேளையிற் பொருள் திரிந்தால் உடனே நின்றுவிடவும் வேண்டும். ஈய எழுத்துக் காலத்திற் காலும் ரகரமும் இடம் மாறிக் கிடந்ததைக் கண்டுபிடித்தல் ஒரு கலையாயிருந்தது. இன்று பாமினி எழுத்துருவிற் பதித்ததை யூனிக்கோட்டுக்கு மாற்றும்போது கொம்பொருபுறமும் காலொருபுறமுமாகப் பிரிந்து நிற்கின்றன. ஔவையார் பெயர் ஒகரமும் ளகரமுமாக அச்சேறி, ஒள-வையார் ஆகிவிடுகின்றது. இவற்றை எந்தப் பல்கலைக்கழகமும் பாடமாக வைப்பதில்லை, வைக்கவும் வேண்டியதில்லை. பழக்கத்தால் வருவன இவை.

ஆயினும் பழக்கம் ஒன்றே போதும் என்பாரையும் யான் உடன்பட மாட்டேன். பல ஆண்டு பழகிய ஒருவர், பழைய செய்யுள் நூலொன்றின் மறுபதிப்பைப் பார்வையிட்டபோது, அளபெடையெல்லாம் அச்சுக்கோப்போரின் கைப்பிழை என எண்ணி, மிக்க கவனத்தோடு ஒவ்வொன்றாக நீக்கிவிட்டமையை யான் என் கண்ணாற் கண்டிருக்கின்றேன். ஓரிடத்தும் விடவில்லை. அவர் பணி மிகச் செம்மையாகவே இருந்தது. செய்யுள்தான் தளை தட்டிக் கிடந்தது. யாப்பிலக்கணத்தில் ஒரு மாதப் பாடங் கேட்டிருந்தால் அவ்வழிவு நேர்ந்திராது. கல்லாதான் பழக்கம் தன் பிழையையும் பழக்கமாக்கிக்கொள்ளும்.

இவ்விரண்டையும் எவ்வளவிற் கலத்தல் வேண்டும் என்பதற்கு நம் முன்னோர் ஒரு கணக்கே போட்டு வைத்திருக்கின்றனர். நன்னூற் பொதுப்பாயிரத்தைக் கற்பித்துவரும் ஆசிரியர் பலரும் அதனை ஒரு வகுப்பிற் சொல்லி முடித்து அடுத்த நூற்பாவுக்குச் சென்றுவிடுகின்றோம். பாடங் கேட்டலின் வரலாறு கூறுமிடத்துப் பவணந்தி முனிவர் கருதுவது இது: ஆசிரியன் உரைத்ததை மாணாக்கன் எத்துணை நன்றாக மனங்கொண்டாலும் அவனுக்கு வாய்ப்பது புலமையிற் காற்பங்கே. அத்தொழிலிலே தன்னோடொத்து ஈடுபட்டோருடன் பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கும், தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைத்தலாலேயே நிரம்பும்.

இதனை யான் முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குச் சொல்லிவந்தேன். ஒரு நியமனத்தோடு பொருத்திப் பார்த்தது அன்றிரவே. எம் கையிலிருந்த புள்ளித் திட்டம் நூற்றுக்கு எழுபதைக் காற்பங்குக்கு ஒதுக்கியிருந்தது. முக்காற் பங்குக்குப் பதினைந்து. பவணந்தியார் அக்குழுவில் அமர்ந்திருந்தால் ஒப்பமிட்டிருப்பாரா என்பது ஐயமே.

ஆனால் நூற்பாவை ஊன்றி நோக்குவோர் இன்னொன்றையுங் காண்பர். வெறுமனே ஆண்டுகள் கழிதலை முனிவர் கணக்கில் எடுக்கவில்லை. அவர் கருதியது தொழிலாளரோடு கூடிப் பயிலுதலும் பிறர்க்கு உரைத்தலுமே. இருபது ஆண்டு ஒரு மூலையிலிருந்து, எவரோடும் ஆராயாது, எவர்க்குஞ் சொல்லிக் கொடாது, முதலாண்டிற் செய்ததையே இருபது முறை செய்தவனுக்கு அவ்வரைப்பங்கு வாய்க்காது. எம் ஆசிரியத் தொழிலிலும் இத்தகையோர் உளர். மஞ்சளேறிய குறிப்புப் புத்தகத்தை ஆண்டுதோறும் விரித்து ஒப்புவித்து இளைப்பாறுவோர்க்குச் சேவைக்காலம் நீளும், அனுபவம் நீளாது. ஆதலால் ‘எத்தனை ஆண்டு?’ என்பதோடு விண்ணப்பப் படிவம் நின்றுவிடுதல் தகாது. யாரோடு வேலை செய்தாய், யாருக்குக் கற்பித்தாய் என்பனவும் கேட்கப்படல் வேண்டும். அன்று வந்த அம்மனிதரிடம் இவற்றைக் கேட்டிருந்தால், தம் அச்சகத்தில் மூன்று இளைஞரைப் பழக்கியதையும், ஐயம் வந்தபோதெல்லாம் ஒரு கொப்பியிற் குறித்துக்கொண்டு ஞாயிறுதோறும் என்னிடமும் வேறு ஆசிரியரிடமும் வந்து தெளிந்ததையும் அவர் சொல்லியிருப்பார். வல்லினம் மிகுமிடம் பற்றி அவர் கேட்ட வினாவொன்றுக்கு விடை சொல்ல யான் இரண்டு உரைகளைப் புரட்ட நேர்ந்ததுண்டு.

நிற்க. பட்டமின்றித் தமிழாசிரியர் பதவிக்கு வந்தோர் பற்றிப் பேசும்போது எவர்க்கும் முதலில் நினைவுக்கு வருபவர் உ. வே. சாமிநாதையர். அவர் நியமனம் பெற்ற முறையை நாம் பெருமிதத்தோடு எடுத்துக்காட்டுவதோடு விட்டுவிடுகின்றோம்; அதனுள் அமைந்த ஒழுங்கை நோக்குவதில்லை. ஐயர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டவர். 1876 இல் ஆசிரியர் மறைந்தபின் திருவாவடுதுறை ஆதீனத்தில் இருந்துகொண்டு, சுப்பிரமணிய தேசிகரிடம் கற்றும் ஆங்குள்ளார்க்குப் பாடஞ் சொல்லியும் வந்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராயிருந்த தியாகராசச் செட்டியார் ஓய்வு பெறுங் காலம் வந்தபோது, தம் ஆசிரியரின் மாணாக்கராகிய ஐயரே அவ்விடத்துக்கு உரியவர் எனத் துணிந்து, தேசிகரின் இசைவையும் பெற்று, கல்லூரித் தலைவர் கோபாலராவிடம் பரிந்துரைத்தார். 1880 ஆம் ஆண்டு பெப்ருவரியில், ஏறத்தாழ இருபத்தைந்து அகவையில், ஐயர் அப்பதவியை ஏற்றார்.

இக்கதையை இன்றைய கண்கொண்டு நோக்குக. ஓய்வு பெறுபவர் தம் ஆசிரியர் வழிவந்த ஒருவருக்கே தம் நாற்காலியைக் கொடுக்கின்றார். இன்று ஒரு கந்தோரில் இது நடந்தால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவோம், யானும் எழுதுவேன். அன்று அதனைக் குறைகூற இடமில்லாமற் செய்தது யாது? ஐயர் கல்லூரி ஆசிரியர் சிலர் முன்னிலையிற் செய்யுட்குப் பொருள் விரிக்கவும் கொடுத்த பொருள்மேற் பாடல் இயற்றவும் வேண்டப்பட்டார் என்பதே. முன் நின்றோர் அவருடைய உறவினருமல்லர். வேண்டாமென்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. செட்டியாரின் சொல் அவரை வாயில்வரை கொண்டுவந்தது. அதற்கப்பாற் கொண்டுசென்றது அவர் வாயிலிருந்து வந்த தமிழ்.

அக்கதையின் மற்றொரு பாதியும் எம் வினாவுக்கு வேண்டியதே. பதவியேற்ற அதே ஆண்டின் ஒக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் காணச் சென்றார். என்னென்ன நூல் கற்றீர் என முதலியார் வினவ, ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கிச் சொன்னார். முதலியார் வியந்தாரல்லர். சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அந்நூலைக் கற்றிருந்தாரல்லர். ஆங்கிலங் கற்ற நீதித்துறை உத்தியோகத்தர் ஒருவர், மடத்திலே தமிழையே உயிராகக் கொண்டு வளர்ந்த புலவரை நோக்கி, உம் கல்வியின் எல்லைக்கு வெளியே தமிழ் இருக்கின்றது என்று காட்டிய நாள் அது. பழக்கத்தின் குறை அதுவே: பழகிய வட்டத்தை அது முழுவுலகம் என்று எண்ணச் செய்யும். ஐயரின் பெருமை, அவ்விழுக்கை மறைக்காது தம் சரிதத்தில் தாமே எழுதிவைத்தமை. அதன்பின் அவர் முதலியாருக்குச் சிந்தாமணிப் பாடஞ் சொல்லியே அந்நூலைக் கற்றார். கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தினரை அடைந்து, அவர்தம் சமயக் கொள்கைகளைக் கேட்டுத் தெளிந்தார். பவணந்தியார் சொன்ன இரண்டாங் காற்பங்கும் பின்னை அரைப்பங்கும் இவையல்லவா? 1887 இற் சிந்தாமணி அச்சேறியது. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ‘டாக்டர்’ பட்டம் அளித்தது 1932 இல். வேலையில் அமர்ந்து ஐம்பத்திரண்டு ஆண்டும், ஓய்வு பெற்றுப் பதின்மூன்று ஆண்டுங் கழிந்தபின்.

ஐயரோடு ஒருங்கு வைத்து நோக்கத்தக்கவர் நம் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் பட்டத்துக்குச் சான்றாக வருபவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி. ஏ. பரீட்சையில் 1857 இற் சித்தியெய்திய இருவரும் யாழ்ப்பாணத்தவர். ஒருவர் பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. அவ்விருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர்கள். பரீட்சை மண்டபத்துள் நுழையுமுன்னரே தொழில் பார்த்தவர்கள். தாமோதரம்பிள்ளை கோப்பாயில் ஆசிரியராயிருந்து, பின் பேர்சிவல் பாதிரியார் அழைப்பிற் சென்னை சென்று பத்திரிகைப் பணியில் ஈடுபட்டிருந்தார். பட்டம் அவருக்கு அரசாங்கக் கணக்குத் துறையில் உத்தியோகத்தையும், சட்டக் கல்வியோடு சேர்ந்து பின்னாளிற் புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவியையும் பெற்றுத் தந்தது. ஆனால் வீரசோழியமும் கலித்தொகையும் தொல்காப்பியப் பொருளதிகார உரையும் அவர் கையால் அச்சேறியமைக்கும் அப்பட்டத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஏட்டுச்சுவடிகளோடு மல்லாடிப் பழகிய பழக்கத்தாலேயே அத்திறம் அவர்க்கு வாய்த்தது. பட்டம் பெற்றவரும் பெறாதவரும் ஒரே சிந்தாமணியைப் பதிப்பிக்க விரும்பினர் என்பதும் நினைக்கத்தக்கது. ஏட்டின் முன்னே இருவரும் ஒரே நிலையில் நின்றனர்.

இவ்வளவுஞ் சொன்னபின் சான்றிதழை இகழ்வாரோடு சேர்ந்து யான் கைதட்டுவேன் என்று எவரும் கருதற்க. சான்றிதழ் ஏழையின் துணை. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின்னர் இந்நாட்டில் எத்தனை குடிசைகளிலிருந்து வைத்தியரும் பொறியியலாளரும் புறப்பட்டனர் என்பதை ஊர்தோறுங் காணலாம். பரீட்சைத் தாளில் இருப்பது சுட்டெண் மாத்திரமே. தாளைத் திருத்துபவர்க்கு எழுதியவன் யார் மகன் என்று தெரியாது. தந்தையார் எவர் வீட்டு முற்றத்திற் கைகட்டி நின்றார் என்பதுந் தெரியாது. அனுபவக் கடிதமோ அவ்வாறன்று. அறிமுகமுடையவன் ஒரு நாளும் வேலை பாராது ஐந்தாண்டுக் கடிதம் பெறுதல் நம்மிடையே நடவாததன்று. வேலையனுபவம் பெறுதற்கே முதலில் ஒருவன் உள்ளே புகவேண்டும். புகும் வாயில் உறவினர்க்கே திறக்குமாயின், அனுபவத்துக்கு மிகுந்த புள்ளி கொடுத்தல் உறவுக்குப் புள்ளி கொடுத்தலாகவே முடியும். எம் குழுத் தலைவர் திட்டத்தை விட்டு விலக மறுத்தமைக்கு இக்காரணமும் இருந்திருக்கலாம்.

ஆயினும் சான்றிதழை மட்டும் நம்பிய வழியும் எங்குச் சென்று முட்டிற்று என்பதை நாம் பார்த்துவிட்டோம். 2017 ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கச்சேரியின் முன்னே பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்கிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர்களுள் எம் மாணவரும் இருந்தனர். வெயிலில் அமர்ந்திருந்தவர்களைக் காணச் சென்ற யான் ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்ல மாட்டாது, சோடாப் போத்தல்களை வாங்கிக் கொடுத்துவிட்டு மீண்டேன். பட்டம் முடியும்வரை ஒரு தொழிலையும் தொடாதே, படிப்பு கெட்டுவிடும் என்று வகுப்பிற் சொன்னவருள் யானும் ஒருவன்.

திருக்குறளில் ஆளைத் தெரிவது பற்றி ஈரதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னையது தெரிந்து தெளிதல். பின்னையது தெரிந்து வினையாடல். ஒருவனது உயர்வையும் தாழ்வையும் உரைத்துப் பார்க்குங் கல் அவனவன் செயலே என்பது முன்னையதிற் பெறப்படும். எல்லா வகையாலும் ஆராய்ந்து தெளிந்தபோதும், வினையிலே புகுந்தபின் வேறுபட்டுவிடுவோர் பலர் என்னும் எச்சரிக்கை பின்னையதில் வருவது. இரண்டையும் சேர்த்து நோக்கினால், ஒருவனைத் தெரியும் முன்னரே அவன் வினையைச் சிறிதளவேனும் கண்டுவிடுதல் நன்று என்பது புலனாகும்.

இது புதுமையான யோசனையுமன்று. நம் நாட்டிலேயே, 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பெற்ற மூன்றாம்நிலைக் கல்வி, தொழிற்கல்வி ஆணைக்குழுவின்கீழ்த் தேசிய தொழிற்றகைமை முறை ஒன்று நடைபெறுகின்றது. அதில் ஏழு நிலைகள் உண்டு. எந்தப் பாடநெறியும் பயிலாது தொழிலிற் பழகியே தேர்ந்த மேசனோ மின்னிணைப்பாளனோ, மதிப்பீட்டாளர் முன்னிலையில் தான் செய்வதைச் செய்து காட்டித் தனக்குரிய நிலைச் சான்றிதழைப் பெறலாம். பழக்கத்தைப் பத்திரமாக்கும் வழி இது. மேசனைச் சுவர் கட்டிக் காட்டச் சொல்கின்றோம். பிழைதிருத்துபவர் கையில் ஒரு பக்கத்தைக் கொடுக்க மாத்திரம் எமக்குத் திட்டத்தில் இடமில்லாது போயிற்று. அரசாங்க சேவையிலும், நிருவாக சேவைக்குப் பட்டதாரிகள் தோற்றுந் திறந்த பரீட்சையோடு, ஏலவே சேவையிலிருப்போர்க்கென மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சையும் வைத்திருக்கின்றனர். அனுபவமுடையோர்க்கும் அங்கே பரீட்சையுண்டு என்பதே நோக்கத்தக்கது.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்து, “ஐயா, பல்கலைக்கழகம் போகவோ, கிடைத்த வேலையைப் பிடிக்கவோ?” என்று கேட்கும் பிள்ளைகளுக்கு முன்னர் யான் யோசியாமலே விடை சொல்லிவந்தேன். இப்போது அவர்களிடம் திருப்பிக் கேட்கின்றேன்: அவ்வேலையில் உனக்கு மேலே ஒருவர் இருந்து உன் பிழையைக் காட்டுவாரா? காட்டுவாராயின் அதுவும் ஒரு கல்லூரியே. பொதிகளை எண்ணி அடுக்குவதே வேலையாயின், மூன்றாண்டின் பின்னும் நீ எண்ணிக்கொண்டே இருப்பாய். இடங் கிடைத்திருக்கும்போது பல்கலைக்கழகத்தை விடாதே. போகின்றவர்களுக்கும் ஒன்று சொல்கின்றேன்: பட்டத்துக்குப் பின்னர் அனுபவந் தேடலாம் என்று காத்திராதீர்கள். மன்றத்து மலருக்குச் சரவை பாருங்கள். ஊர் வாசிகசாலையில் நூல்களை வகுத்து அடுக்குங்கள். பின்தங்கிய மாணவர் நால்வர்க்கு மாலையிற் பாடஞ் சொல்லுங்கள். ஊதியம் வராமற் போகலாம். ஆனால் அன்று எம் முன் அமர்ந்திருந்த அப்பெண்ணிடம், தம் விரிவுரையாளரின் கட்டுரையொன்றுக்கேனும் சரவை பார்த்த ஒரு தாள் இருந்திருந்தால், அவர் அத்துணைச் சலிப்போடு விடை கூறியிரார்.

ஒப்பமிட்ட மூன்றாம் வாரம் அம்மனிதர் என் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை, கையிற் கொப்பியோடு. யான் குழுவில் இருந்ததை அவர் கண்டவரே. அதுபற்றி ஒன்றும் பேசினாரல்லர். ‘சுவற்றில்’ என்பது எல்லாப் பத்திரிகையிலும் வருகின்றதே, திருத்துவதோ விடுவதோ என்றுதான் கேட்டார். சுவர் என்பதன்முன் ‘சுவரில்’ என்றே வருமெனச் சொன்னேன். பின் யானாகவே, பக்கத்தைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தாதது என் தவறு என்றேன். “அதை விடுங்கோ ஐயா. அந்தப் பிள்ளையும் வேலைக்கு அலைஞ்சதுதானே” என்றார். தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அவருக்கு ஒரு நற்சான்றுப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கின்றேன். இதுகாறும் யான் எழுதிய சான்றுகளெல்லாம் நல்லொழுக்கமுடையவர், நேர்மையானவர், கடமையுணர்ச்சி மிக்கவர் என்றே சென்றன. நூறு பேருக்கு எழுதினாலும் பெயரை மாற்றினாற் போதும். இம்முறை அவ்வாறு எழுதவில்லை. எம் கல்லூரி மலரில் யான் பார்த்து முடித்துக் கையொப்பமிட்ட பக்கங்களில் அவர் பின்னும் கண்டெடுத்த பதினாறு பிழைகளை, பக்க எண்ணோடு ஒவ்வொன்றாகக் குறித்தேன். அவற்றுள் நான்கு என்னுடைய இலக்கண வழு, அவற்றையும் மறைக்கவில்லை. சாதாரணதரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கும்படியும் சொல்லியிருக்கின்றேன். மகளும் அதே பரீட்சைக்கு இரண்டாண்டில் தோற்றவிருக்கின்றாள், அவளோடு ஒன்றாக எழுதலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்.

அந்நிறுவனம் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ள அடுத்த சில திங்களுள் விண்ணப்பங் கோரும் என்று கேள்வி. என்னை மீண்டும் அழைப்பார்களாயின் விண்ணப்பதாரர் ஒருவரை முன்னரே அறிவேன் என்பதையும், ஒரு பக்கத்தைத் திருத்தக் கொடுத்து அதற்கு நாற்பது புள்ளியேனும் வழங்குதல் வேண்டும் என்பதையும் தலைவருக்குக் கடிதமாக எழுதியனுப்பினேன். மறுமொழி இன்னும் வந்திலது.